பிஎச்டி இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது, போர்டு முன்னால் நிற்க எப்படித் தயாராவது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் எம்எஸ்சி இயற்பியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர் உதவித்தொகை) கிடைத்தது, கேட் தேர்வும் எழுதியிருக்கிறேன். பெங்களூரு ஐஐஎஸ்சிக்கும் ஐஐடி மெட்ராஸுக்கும் பிஎச்டி விண்ணப்பம் போட்டிருந்தேன். இரண்டிலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது, இரண்டும் மே மாதத்தில். எங்கள் துறையிலிருந்து இதற்கு முன்னால் யாரும் இப்படிப் போனதாகத் தெரியவில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. எம்எஸ்சி தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் வகுப்பில் விளக்கம் முழுக்கத் தமிழில். ஒரு பாடத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கிய பழக்கமே இல்லை.

யூடியூபில் தேடினால் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்பதற்குப் பதில் சொல்வது எப்படி, எந்த நிறச் சட்டை போடுவது என்றுதான் வருகிறது. உண்மையில் என்ன கேட்பார்கள்? எம்எஸ்சி பாடம் முழுவதையும் திருப்பிப் படிக்க வேண்டுமா? புராஜெக்ட், நொச்சி இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்தது. அதில் நிறையக் கேட்பார்களா?

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நான் பெங்களூரில் இயற்பியல் பிஎச்டி செய்கிறேன். சில இடங்களில் நானே இன்டர்வியூ கொடுத்திருக்கிறேன், இப்போது ஜூனியர்களைத் தயார் செய்கிறேன்.

முதலில் அறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து புரொஃபசர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சில இடங்களில் இன்னும் கூடுதலாக. உங்களுக்குப் பின்னால் ஒரு போர்டு, கையில் சாக்பீஸ் அல்லது மார்க்கர். பெரும்பாலும் நாற்காலியில் உட்கார வேலையே இருக்காது. பெயர், கல்லூரி கேட்டுவிட்டு அடுத்த வார்த்தையே 'உனக்குப் பிடித்த பாடங்கள் எவை?' என்று வரும். நீங்கள் சொல்லும் பதிலில் இருந்துதான் மீதி நேரம் முழுக்க ஓடும். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடலாம் குறையலாம். ஐஐடிகளில் சில துறைகள் இன்டர்வியூவுக்கு முன்னால் சின்ன எழுத்துத் தேர்வும் வைப்பார்கள், அழைப்புக் கடிதத்தை நன்றாகப் படியுங்கள்.

எல்லாப் பாடத்தையும் திருப்பாதீர்கள். இரண்டே இரண்டு பாடம் எடுங்கள். உதாரணமாக குவாண்டம் இயக்கவியலும் மின்காந்தவியலும், அல்லது கிளாசிக்கல் மெக்கானிக்ஸும் புள்ளியியல் இயற்பியலும். அந்த இரண்டிலும் பிஎஸ்சி அளவு அடிப்படையை வேர் வரை தோண்டுங்கள். எம்எஸ்சியில் படித்த பெரிய தலைப்புகளை அவர்கள் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். ஹார்மானிக் ஆசிலேட்டர், பெட்டிக்குள் துகள், ஒரு சாலினாய்டு, ஒரு ஊசல், இரண்டுக்கு இரண்டு அணியின் ஐகன் மதிப்பு, டெய்லர் விரிவு, இவற்றை வைத்தே முழு நேரமும் கேட்பார்கள். கணிதத்தில் வரைபடம் வரையச் சொல்வது வழக்கம். சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ் வரைந்து காட்டு, சுழியில் மதிப்பு என்ன, ஏன்? அதை ஸ்கொயர் செய்தால் எப்படி மாறும்? ஒற்றைப் பிளவு விளிம்பு விளைவில் இந்த வளைவு ஏன் வருகிறது? இப்படி ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஆழத்துக்கு இழுத்துப் போவார்கள்.

அவர்கள் பார்ப்பது, தெரியாத இடம் வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை. நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கிவிட்டீர்கள், அதனால் கணக்குப் போடத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஐந்து வருடம் விடை தெரியாத கேள்வியோடு உட்காரப் போகிறவர் நீங்கள். அப்படி உட்காரும்போது யோசிக்கிறீர்களா, உறைந்து போகிறீர்களா என்பதுதான் அங்கே முக்கியம். எனவே விடையை மனதுக்குள் தேடிக்கொண்டு அமைதியாக நிற்காதீர்கள். யோசிப்பதைப் போர்டில் எழுதுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். பாதி வழியில் தப்பாகப் போனால் அவர்களே ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறவர்களை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொங்குத்தறி எழுதியது:

நண்பர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அடிப்படை தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கிராமத்துப் பிள்ளைகளை அனுப்பிவைத்தால் அங்கே போய்த் திணறுகிறார்கள். நான் போன ஓர் இடத்தில் முதல் ஐந்து நிமிடம் என் கல்லூரி எங்கே இருக்கிறது, அங்கே ஆய்வகம் உண்டா என்பதிலேயே போனது. ஒருவர் வேகமாக ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. அதைப் பாடம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஐசரில் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) படித்த பையன் முதல் வருடத்திலிருந்தே செமினார் கொடுத்துப் பழகியவன். போர்டு முன்னால் நிற்பது அவனுக்குத் தினசரி வேலை. நம் பிள்ளைக்கு அது வாழ்க்கையில் முதல் முறை. இந்த இடைவெளியைச் சொல்லாமல் 'தைரியமாகப் போ' என்பது நியாயமில்லை.

கரும்பலகை எழுதியது:

கொங்குத்தறி சொல்வது உண்மை. அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் இதை நானும் நேரில் பார்க்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், தேர்வில் பதினைந்து பக்கம் எழுதுகிறவர்கள், 'இதைப் போர்டில் வந்து சொல்' என்றால் நகர மாட்டார்கள். திறமைக் குறைவு இல்லை, அப்படிச் செய்யும் வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை. என் வகுப்பில் இப்போது வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். கேள்வி கேட்பது மாணவர்கள், பதில் சொல்வதும் மாணவர்கள். ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும், பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள்.

தம்பி, ஆங்கிலத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று காது. பேசுகிறவரின் வேகம் பழக வேண்டும். என்பிடெல் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. தினமும் கொஞ்ச நேரம் கேளுங்கள். பாடமும் ஆகும், ஒரு பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார், எந்த இடத்தில் நிறுத்துவார் என்பதும் பழகும்.

இன்னொன்று வாய். இன்டர்வியூவுக்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வாக்கியம் தடையில்லாமல் வந்தால் போதும். 'குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?', 'லெட் மீ டிரா தி பிக்சர் ஃபர்ஸ்ட்', 'ஐ வில் ஸ்டார்ட் வித் எ சிம்பிளர் கேஸ்', 'ஐ டோன்ட் ரிமெம்பர் தி ஃபார்முலா, பட் ஐ கேன் ட்ரை டு டிரைவ் இட்'. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. கொங்குத்தறிக்கு நடந்தது போல அதைத் தவறாக எடுத்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கலாம், ஆனால் கேட்காமல் விட்டு வேறு கேள்விக்குப் பதில் சொன்னால் எல்லோருமே தவறாக எடுத்துக்கொள்வார்கள். புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி 'இதைத்தானே கேட்கிறீர்கள்?' என்று உறுதி செய்யுங்கள். தென்னிந்திய நிறுவனங்களில் பேனலில் தமிழ் தெரிந்தவர் இருப்பதும் உண்டு, அடைத்துக்கொண்டால் ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்கலாம். ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம் புராஜெக்ட். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் என்பது நம் ஊரில் நூற்றுக்கணக்கான பேர் செய்கிற புராஜெக்ட், பேனலுக்கும் அது தெரியும். எனவே எப்படித் தயாரித்தீர்கள் என்பதை விட, கிடைத்த வரைபடம் உங்களுக்குப் புரிந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) எடுத்திருப்பீர்கள். எக்ஸ் அச்சில் இரு மடங்கு தீட்டா ஏன், வெறும் தீட்டா ஏன் இல்லை? எந்தக் கதிர், அலைநீளம் என்ன? (தாமிர கே ஆல்ஃபா என்றால் 1.54 ஆங்ஸ்ட்ராம்.) வெள்ளிக்கு 111, 200, 220, 311 தளங்களின் சிகரங்கள் வரும். 100, 110 ஏன் வரவில்லை? துகள் சிறிதானால் சிகரம் ஏன் அகலமாகிறது? சிகரத்தின் அகலத்திலிருந்து துகள் அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் அந்த 0.9 எங்கிருந்து வந்தது? அந்த அகலம் முழுவதும் துகள் அளவால் வந்ததுதானா, கருவியால் வரும் அகலத்தைக் கழித்தீர்களா, படிகத்துக்குள் இருக்கும் திரிபால் வருவது எவ்வளவு? யுவி நிறமாலையில் 400 முதல் 420 நானோமீட்டர் பக்கம் சிகரம் வந்திருக்கும், அது எதனால்? கரைசல் மஞ்சளாகத் தெரிவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இவற்றுக்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து பதில் எழுதுங்கள். சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி எக்ஸ்ஆர்டி எடுத்திருந்தால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். நம் கல்லூரியில் கருவி இல்லை என்பது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் போகக் கூடாது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா, அண்ணா. எக்ஸ்ஆர்டி வெளியே அனுப்பித்தான் எடுத்தோம். 0.9 பற்றி நான் யோசித்ததே இல்லை. பாடங்கள் குவாண்டமும் மின்காந்தவியலும் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணா, ஒரு கேள்வி இங்கேயே கேட்க முடியுமா? நான் புத்தகம் பார்க்காமல் பதில் எழுதுகிறேன்.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

நல்ல யோசனை. நீளம் எல் உள்ள பெட்டி, சுவர்கள் முடிவிலா உயரம். துகள் தரைநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கிறது. வலது சுவரைத் திடீரென இரண்டு எல் தூரத்துக்கு நகர்த்திவிட்டேன். இப்போது ஆற்றல் என்ன?

தாமிரபரணிக்கரை எழுதியது:

ஆற்றல் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். நீளம் இரட்டிப்பானால் ஆற்றல் நாலில் ஒரு பங்காகும்.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

சூத்திரம் சரி. ஆனால் அது எந்த நிலைக்கான சூத்திரம்? 'திடீரென' என்று ஏன் சொன்னேன்? சுவர் நகர்ந்த அடுத்த கணம் அலைச் சார்பை வரையுங்கள்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

திடீரென என்றால் அலைச் சார்பு மாற நேரம் இல்லை. எனவே இடது பாதியில் பழைய சைன் வளைவு அப்படியே இருக்கும், வலது பாதியில் சுழி. அது புதுப் பெட்டியின் தரைநிலை இல்லை. அப்படியென்றால் புதுப் பெட்டியின் நிலைகளாக அதைப் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிகழ்தகவு கிடைக்கும். சராசரி ஆற்றல்... பழைய ஆற்றலே இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அலைச் சார்பு மாறவில்லை.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

அருமை. இப்படித்தான் போக வேண்டும். புதுத் தரைநிலையில் கிடைக்க நிகழ்தகவு என்ன? தொகையீடு போடுங்கள். அப்புறம் புதுப் பெட்டியின் இரண்டாவது நிலைக்கும் போடுங்கள், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

தரைநிலைக்கு 32 வகுத்தல் 9 பை ஸ்கொயர், சுமார் 0.36. இரண்டாவது நிலைக்குச் சரியாகப் பாதி வருகிறது! அந்த நிலையின் ஆற்றல் பழைய தரைநிலை ஆற்றலேதான். எனவே அளந்தால் பாதி வாய்ப்பு பழைய ஆற்றலே கிடைக்கும். பெட்டிக்குள் துகள் என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி என்று விட்டுவிட்ட பாடம், அதற்குள் இவ்வளவு இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

இன்னும் முடியவில்லை. பேனல் இதோடு விடாது. சுவரை மிக மெதுவாக நகர்த்தினால்?

தாமிரபரணிக்கரை எழுதியது:

மெதுவாக என்றால் துகள் ஒவ்வொரு கட்டத்திலும் தரைநிலையிலேயே இருக்கும் என்று தோன்றுகிறது. அப்போது நான் முதலில் சொன்ன நாலில் ஒரு பங்கு வரும். ஆனால் மீதி முக்கால் பங்கு ஆற்றல் எங்கே போனது? ... சுவரைத் தள்ளுகிற வேலையில் போயிருக்க வேண்டும். பிஸ்டனைத் தள்ளும் வாயு மாதிரி.

கரும்பலகை எழுதியது:

தம்பி, இந்தக் கடைசி வரி ஒன்றுக்காகவே உங்களை எடுத்துவிடுவார்கள். முதல் பதில் நேராக வராதது ஒரு பொருட்டே இல்லை. கடைசிக் கேள்வியில் நீங்களே உங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அதுதான் வேண்டும். இதையே நாளைக்கு வீட்டில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தை சுவரில் ஒட்டி, நின்றபடி, வாய்விட்டு, ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து எழுதும்போது வருகிற யோசனை நின்று பேசும்போது வராது, அதற்குத் தனிப் பழக்கம் தேவை. பிஎஸ்சி படிக்கிற யாரையாவது எதிரில் உட்கார வைத்து 'ஏன்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

எண்கோலம் எழுதியது:

கணித மாணவர்களும் இங்கே படிப்பார்கள் என்று இதைச் சேர்க்கிறேன். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் என்று இரண்டு பெரிய இடங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன, நம் மாவட்டக் கல்லூரிகளில் பலருக்கு அவற்றின் பெயரே தெரிவதில்லை. தரமணி நிறுவனம் 1962இல் தொடங்கியது.

கணித இன்டர்வியூ வேறு மாதிரி. இங்கே வரையறை, எடுத்துக்காட்டு, எதிர் எடுத்துக்காட்டு இந்த மூன்றும்தான். தொடர்ச்சியான சார்பு என்றால் என்ன என்று கேட்டு நீங்கள் வரையறை சொன்னதும் விடமாட்டார்கள். சீரான தொடர்ச்சி இல்லாத, ஆனால் தொடர்ச்சியான ஒரு சார்பு சொல். மெய்யெண் கோடு முழுவதிலும் எக்ஸ் ஸ்கொயர் என்று சொன்னால், ஏன் என்று நிரூபி. மூடிய, வரம்புள்ள இடைவெளியில் அது ஏன் நடக்காது? குலக் கோட்பாடு என்று சொன்னால், உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்கிற லக்ராஞ்சி தேற்றத்தின் மறுதலை உண்மையா என்பது கிட்டத்தட்ட நிச்சயம் வரும். 12 உறுப்புகள் கொண்ட ஏ4 குலத்தில் 6 உறுப்பு உட்குலம் இல்லை. அதை மனப்பாடமாகச் சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன் இல்லை?'

தேற்றங்களை நிரூபணத்தோடு மனப்பாடம் செய்கிற நம் பழக்கம் இங்கே காலை வாரும். ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு மாதம் அப்படிப் படித்தால் போதும்.

நுண்ணோக்கி எழுதியது:

உயிரியல் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) உயிரியல் ஆய்வுப் படிப்புக்கு நடத்தும் ஜெகீபில்ஸ் நுழைவுத் தேர்வு எழுதி இன்டர்வியூ போன அனுபவம் எனக்கு உண்டு, இப்போது ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக். எங்கள் துறையில் 'கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை) எது?' என்ற கேள்வி வராத இன்டர்வியூவே இல்லை என்று சொல்லலாம். நம் ஊரில் பலர் மூலிகைச் சாற்றின் நுண்ணுயிர் எதிர்ப்புச் சக்தி என்று அகார் தட்டில் டிஸ்க் வைத்துப் பார்க்கிற புராஜெக்ட் செய்திருப்பார்கள். சாற்றை எத்தனாலில் எடுத்தால், வெறும் எத்தனால் மட்டும் தொட்ட டிஸ்க் வைத்தாயா? வைக்கவில்லை என்றால் பாக்டீரியாவைக் கொன்றது மூலிகையா, எத்தனாலா? ஒரு சாற்றின் வளையம் பெரிதாக இருந்தால் அது அதிகச் சக்தி வாய்ந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது, ஏனென்றால் அகாருக்குள் எது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் அந்த வளையம் சார்ந்திருக்கிறது. இதையெல்லாம் நீங்களே முன்வந்து சொன்னால் பேனலின் முகமே மாறிவிடும். புராஜெக்டில் குறை இருப்பது பிரச்சினை இல்லை. 'இப்போது மறுபடி செய்தால் இதைச் சேர்ப்பேன்' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் சமீபத்தில் படித்த ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சொல் என்பார்கள். ஐந்து கட்டுரையின் சுருக்கம் படிப்பதை விட, ஒரு கட்டுரையின் எல்லாப் படங்களையும் விளக்கத் தெரிந்துகொண்டு போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் 'கல்யாணம் ஆனால் என்ன செய்வாய்?' மாதிரிக் கேள்வி அங்கேயும் வருமோ என்று பயந்து சிலர் எனக்கு எழுதுகிறார்கள். நல்ல பேனல் அதைக் கேட்காது, கேட்கவும் கூடாது. யாராவது கேட்டால் 'ஆய்வு செய்யத்தான் விண்ணப்பித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போர்டைப் பார்த்துத் திரும்புங்கள். உதவித்தொகை எவ்வளவு என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லுங்கள். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. 'இன்னும் ஐந்து வருடம் படிப்பா?' என்று கேட்கிற அப்பா அம்மாவுக்கு இந்த எண் நிறையப் புரியவைக்கும்.

கொங்குத்தறி எழுதியது:

இந்த இழை இப்படிப் போனதில் ரொம்பச் சந்தோஷம். நான் இரண்டாவது வருடம் இன்னோர் இடத்தில் தேர்வாகி இப்போது ஆய்வு செய்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். முதல் இடத்தில் கிடைக்காததை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு பேனலும் வேறு.

யாரும் சொல்லாத ஒன்று, சான்றிதழ். நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு மத்திய நிறுவனத்துக்குப் போகாதீர்கள். ஓபிசி கிரீமி லேயர் அல்லாதவர் என்ற மத்திய அரசுப் படிவச் சான்றிதழ் தனி. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தாசில்தார் ஆபீஸ் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிற நாட்கள் உண்டு, எனவே இன்றைக்கே போடுங்கள். கடைசி செமஸ்டர் முடிவு வரவில்லை என்றால் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பல நிறுவனங்கள் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஐஐஎஸ்சி யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. முந்தின நாளே போய்விடுங்கள். காலையில் வரச் சொன்னாலும் உங்கள் முறை மாலையில் வரலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே போய் வருகிறவர்களிடம் 'என்ன கேட்டார்கள்?' என்று விசாரித்துக் குழம்ப வேண்டாம். உங்கள் கேள்வி உங்கள் பாடத்திலிருந்துதான் வரும்.

வேதிவாசம் எழுதியது:

நான் கும்பகோணம், எம்எஸ்சி வேதியியல். எனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. போர்டே இல்லையே, என்ன செய்வது? எங்கள் வீட்டில் கரண்ட் போகும் பயம் வேறு.

மல்லேஸ்வரம்வாசி எழுதியது:

ஆன்லைனிலும் எழுதித்தான் காட்டச் சொல்வார்கள் சகோதரி. லேப்டாப்பில் முகம் தெரியட்டும், போனை இன்னொரு இணைப்பாகச் சேர்த்து மேலேயிருந்து தாளைப் பார்க்கிற மாதிரி புத்தக அடுக்கின் மேல் வையுங்கள். இதற்கு அனுமதி உண்டா என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனா, கோடு போடாத தாள், பெரிய எழுத்து. போனின் ஆடியோவை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் எதிரொலிக்கும். கரண்டுக்குப் போன் டேட்டாவைத் தயாராக வையுங்கள். முடிந்தால் கல்லூரியில் ஓர் அறை கேளுங்கள், துறைத் தலைவர்கள் இதற்கு மறுக்க மாட்டார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

இங்கேயே ஒன்று முயற்சி செய்து பார் தங்கச்சி. என் அறைத்தோழி வேதியியல்காரி, அவளிடம் கேட்டுப் போடுகிறேன். திரவ ஆக்சிஜன் காந்தத்தின் துருவங்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏன்? தாளில் முதலில் என்ன வரைவாய்?

வேதிவாசம் எழுதியது:

லூயிஸ் அமைப்பு வரைந்தால் எல்லா எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்துவிடும், அதில் விடை கிடைக்காது. எனவே மூலக்கூறு ஆர்பிட்டால் வரைபடம் வரைவேன். கடைசி இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றல் உள்ள இரண்டு எதிர்ப்பிணைப்பு பை ஆர்பிட்டாலில் ஒவ்வொன்றாகப் போகும், ஹுண்ட் விதிப்படி ஒரே திசைச் சுழற்சியோடு. இரண்டு தனி எலக்ட்ரான்கள், அதனால் பாராகாந்தம். பிணைப்பு எண் இரண்டு.

நுண்ணோக்கி எழுதியது:

அவள் தலையாட்டுகிறாள். அடுத்தது: இதே படத்தை வைத்து சூப்பர்ஆக்சைடு, பெராக்சைடு இரண்டையும் சொல். பிணைப்பு நீளம் எப்படி மாறும், காந்தத் தன்மை எப்படி மாறும்?

வேதிவாசம் எழுதியது:

கூடுதலாக வரும் எலக்ட்ரான்கள் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள்தான் போகும். சூப்பர்ஆக்சைடில் ஒன்று சேர்கிறது, பிணைப்பு எண் ஒன்றரை, இன்னும் ஒரு தனி எலக்ட்ரான் இருப்பதால் பாராகாந்தம்தான். பெராக்சைடில் இரண்டும் நிரம்பிவிடும், பிணைப்பு எண் ஒன்று, டயாகாந்தம். எனவே நீளம் ஆக்சிஜனில் குறைவு, பெராக்சைடில் அதிகம். ஆக்சிஜனில் 1.21 ஆங்ஸ்ட்ராம் என்பது நினைவிருக்கிறது. அக்கா, இதையே ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டும் கேட்கலாம் அல்லவா? அப்போது பிணைப்பு எண் இரண்டரை, நீளம் இன்னும் குறையும்.

நுண்ணோக்கி எழுதியது:

கேட்பதற்கு முன்னாலேயே நீயே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய், இதையே அங்கேயும் செய். நாளை சாயங்காலம் அவள் ஓய்வாக இருப்பாள், போனைத் தாளுக்கு மேலே வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் வா. காப்பர் சல்ஃபேட் கரைசல் ஏன் நீலம், அந்த அயனியின் எண்முகம் ஏன் நீள்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறாளாம்.